கடையில் ஆள் நிற்கும்போது வாசிக்க ஓர் உதவிப் பக்கம்

யாங்கோன் 26வது தெருவில், தெய்ன்ஜி சேய்க்குப் பக்கத்தில் (நம் பெரியவர்களுக்கு அது இன்னும் சூரத்தி பஜார்தான்) மசாலாச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, பௌச்சா போட முடியல. சிவப்பா என்னமோ வருது. நானும் மூணு தடவ அடிச்சுப் பாத்துட்டேன்." பௌச்சா என்றால் இங்கே பில். எங்கள் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தான், நேரே போய்விட்டேன். கடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். மல்லி பத்து வீசை கேட்டவர் பணத்தைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு அக்காவையே பார்க்கிறார். போனில் எண்ணிக்கைப் பெட்டியில் பர்மிய எண்ணில் 10 என்று இருக்கிறது, அதன் கீழே சிவப்பில் பர்மிய வரி ஒன்று, 'சரியான மதிப்பை உள்ளிடவும்' என்று அர்த்தம். அக்கா அழித்துவிட்டு என் கண் முன்னாலேயே மறுபடி அடித்தார். 10தான். மறுபடி சிவப்பு.

எனக்கே பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அடித்ததில் முதலில் இருந்த எண் 1 சரி, அதற்கு அடுத்து இருந்தது பூஜ்ஜியம் இல்லை, வலோன் என்கிற எழுத்து. பர்மிய எழுத்தில் வலோன் ஒரு வட்டம், பூஜ்ஜியமும் ஒரு வட்டம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று எழுத்து, இன்னொன்று எண். ஏழுக்கும் யகௌக் எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய தமிழ் எண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், அதில் ஒன்று 'க' மாதிரியே இருக்கும், எட்டு 'அ' மாதிரி இருக்கும். அக்காவின் கீபோர்டில் மேல் வரிசையில் எண்கள், அதற்குக் கீழே எழுத்துகள். ஒன்றை மேலே தொட்டவர், வட்டத்தைக் கைக்கு எட்டிய இடத்தில் தொட்டிருக்கிறார்.

இந்தப் பிழைக்கு எங்கள் சாஃப்ட்வேரில் உதவிப் பக்கம் இருந்தது. எழுதியவன் நான்தான். அதில் இப்படி இருந்தது: 'உள்ளிடப்பட்ட மதிப்பு செல்லுபடியாகாதபோது இந்தப் பிழை தோன்றும். செல்லுபடியாகும் மதிப்பு உள்ளிடப்பட்டு மீண்டும் முயற்சிக்கப்பட வேண்டும்.' அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்திருக்கிறார்.

சின்னக் கடைகளுக்கான பில், ஸ்டாக் சாஃப்ட்வேருக்கு நான் பர்மியிலும் தமிழிலும் உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். திரை பர்மியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், உதவி மட்டும் தமிழிலும் உண்டு. இத்தனை வருடத்தில் கடை கடையாக உட்கார்ந்து கற்றதை இங்கே எழுதுகிறேன். ஆப் செய்கிறவர்களுக்கு மட்டும் என்றில்லை, கோயில் கமிட்டியில் நன்கொடை ரசீது போடுவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி ஒட்டுகிறவருக்கும் இதே வேலைதான்.

முதலில் பக்கத்தில் உட்காருங்கள்

உதவிப் பக்கத்துக்கு யாரும் சாவகாசமாக வருவதில்லை. கையில் இருந்த வேலை நின்றுபோய்தான் வருகிறார்கள். அதனால் அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் எழுதினால் எழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உதவாது. 1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வேர்ட் பிராசஸரைப் புதிதாகக் கற்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பெரும்பாலும் யாரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவில்லை. நேராகச் செய்து பார்த்தார்கள், தப்பு வந்ததும் தடுமாறினார்கள். கையேட்டைச் சுருக்கி, உண்மையான வேலையை வைத்து, தப்பிலிருந்து மீள்வதற்கும் இடம் கொடுத்து எழுதியபோது அவர்களே வேகமாகக் கற்றார்கள். அப்போது இருந்தது பெரிய பெட்டிக் கம்ப்யூட்டர். இங்கே நம் ஊரில் 2014-ல் புதிய கம்பெனிகள் வந்து சிம் 1,500 கியாட்டுக்கு இறங்கியபோது நிறையப் பேருக்கு வாழ்க்கையின் முதல் கம்ப்யூட்டரே கையில் வந்த போன்தான். கையேடு என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை.

எப்படி உட்காருவது என்றால், நீங்கள் எழுதிய பக்கத்தை அவர் கையில் கொடுத்து, ஒரு உண்மையான வேலையைச் சொல்லுங்கள்: "அக்கா, நேத்து வித்த மல்லிய ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்துட்டார்னு வெச்சுக்கோங்க, அதப் போடுங்க." அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். அவர் தப்பான இடத்தைத் தொடும்போது கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர் வாயில் வந்த சொல், விரல் முதலில் போன இடம், எந்த வரியோடு வாசிப்பதை நிறுத்தினார் என்பது. ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். என் அனுபவத்தில் மூன்றாவது கடையிலேயே வெளியே வந்துவிடும். ஒரே மாதிரி மூன்று பேரைப் பிடிக்காமல், ஒரு பெரியவர், பர்மி மட்டும் வாசிக்கிற ஒரு பிள்ளை, கணக்கு எழுதுகிற ஒருவர் என்று கலந்து பிடியுங்கள்.

இன்னொன்று, இப்படி உட்காரும்போது சில சமயம் உதவிப் பக்கமே வேண்டாம், திரையைத் திருத்தினால் போதும் என்று தெரியவரும். அப்போது தயங்காமல் போய் புரோகிராமரிடம் சொல்லுங்கள். வலோன் விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன்: எண்ணிக்கைப் பெட்டியைத் தொட்டால் எண் கீபோர்டு மட்டும் வரட்டும், மீறி வலோன் வந்தாலும் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளட்டும். அது வரும்வரைக்கும் பக்கத்தை இப்படி மாற்றி எழுதினேன் (தலைப்பில் அந்தப் பர்மிய வரியை எழுத்துப் பிசகாமல் போட்டேன், இங்கே தமிழில் காட்டுகிறேன்):

'சரியான மதிப்பை உள்ளிடவும்' என்று சிவப்பில் வந்தால்

எண்ணிக்கைப் பெட்டியில் எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. அனேகமாகப் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக வலோன்.
பெட்டியில் உள்ளதை முழுவதும் அழியுங்கள்.
கீபோர்டின் மேல் வரிசையிலிருந்து மட்டும் எண்ணை அடியுங்கள். பூஜ்ஜியம் அந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது.
சிவப்பு எழுத்து போய்விடும். இப்போது பௌச்சாவைச் சேமிக்கலாம்.

திருத்திய ஆப் வந்த பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம்.

தலைப்பும் தேடலும்

தலைப்பில் உங்கள் மெனுவின் பெயரை வைக்காதீர்கள், மாட்டிக்கொண்டவர் சொல்கிற சொல்லை வையுங்கள். எங்கள் சாஃப்ட்வேரில் அந்தத் திரைக்கு 'இன்வாய்ஸ் மேலாண்மை' என்று பெயர். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் ஒரு கடைக்காரர் வாயிலும் நான் இன்வாய்ஸ் என்ற சொல்லைக் கேட்டதில்லை. பௌச்சா என்பார்கள், பில் என்பார்கள், பெரியவர்கள் ரசீது என்பார்கள், பர்மியில் பியேஸா. கடனுக்கும் அப்படித்தான்: பாக்கி, பற்று, அச்வே. இவை எல்லாவற்றையும் அந்தப் பக்கத்துக்கான தேடல் சொற்களாகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தின் உள்ளே மட்டும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். ஒரு வரியில் பில், அடுத்த வரியில் ரசீது என்று மாற்றினால் அவை இரண்டு வேறு பொருள் என்று வாசிப்பவர் நினைப்பார். பள்ளிக்கூடக் கட்டுரையில் சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக்கூடாது என்று பழகியிருப்போம், இங்கே அது ஆகாது.

பிழைச் செய்தியைத் தலைப்பில் வைக்கும்போது எழுத்துக்கு எழுத்து திரையில் உள்ளபடியே வையுங்கள், ஏனென்றால் அதைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

தேடல் என்றதும் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஜாவ்ஜி. பல வருடம் இந்த நாட்டில் பெரும்பாலான போன்களில் ஜாவ்ஜி எழுத்துருதான். அரசு 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக வைத்தது, பெரும்பாலும் மாறியும் விட்டார்கள், ஆனால் பழைய கோப்புகளிலும் பழைய போன்களிலும் ஜாவ்ஜி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், தமிழில் 'தெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் 'த' முதலிலும் கொம்பு அப்புறமும்தான் சேமிக்கப்படும், இல்லையா? பர்மியிலும் அப்படி முன்னால் நிற்கிற ஓர் உயிர்க்குறி உண்டு. யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால் வைக்கும், ஜாவ்ஜி கண்ணில் தெரிகிற வரிசையிலேயே வைக்கும். பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் அடித்தவர்களுக்கு இது கையாலேயே தெரியும். ஆகவே ஜாவ்ஜியில் எழுதிய பக்கமும் யூனிகோடில் அடித்த தேடலும் ஒரே சொல்லாகவே இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்காது. பக்கம் இருக்கும், கிடைக்காது. எங்கள் பழைய பக்கங்களில் பாதி இப்படித்தான் புதைந்து கிடந்தது. கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் என்ற இலவசக் கருவி ஒரு வரி ஜாவ்ஜியா யூனிகோடா என்று கணித்து மாற்றித் தரும். அதை வைத்து எல்லாப் பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், தேடல் பெட்டியில் வருவதையும் அதே வழியாக விடுங்கள்.

பர்மியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கமும் இல்லை, அதனால் இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கிற தேடல் இங்கே தடுமாறும். வாரம் ஒருமுறை, தேடி எதுவுமே கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எனக்கு அடுத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்வது அந்தப் பட்டியல்தான்.

வாக்கியம்

இதைப் பற்றி நான் நிறையச் சொல்வேன், ஏனென்றால் தமிழில் வருகிற சாஃப்ட்வேர் உதவிகளில் கெட்டுப்போகிற இடம் இதுதான்.

முதல் வியாதி 'படும்'. 'கோப்பு நீக்கப்படும்' என்று எழுதினால் ஆப் தானாக நீக்குகிறதா, நான் நீக்க வேண்டுமா, வேறு யாராவது நீக்கிவிடுவார்களா? 'தரவு பதிவேற்றப்பட வேண்டும்' என்றால் யார் பதிவேற்ற வேண்டும்? ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் மரியாதை என்று நினைத்து இப்படி எழுதுகிறார்கள், ஆனால் கடையில் ஆள் நிற்கும்போது வாசிக்கிறவருக்கு இது புதிர். செய்கிறவர் யார் என்று சொல்லிவிடுங்கள். 'ஆப் தானாகவே பழைய கோப்பை அழித்துவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.' அல்லது 'பழைய கோப்பை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.'

இரண்டாவது 'லாம்'. 'பேக்கப் எடுக்கலாம்' என்றால் எடுத்தாலும் சரி எடுக்காவிட்டாலும் சரி என்றுதான் தமிழில் காதில் விழும். கட்டாயம் எடுக்க வேண்டியதற்கு 'எடுங்கள்' என்று எழுதுங்கள்.

மூன்றாவது வரிசை. 'அழி என்பதைத் தொடவும், நீங்கள் அந்தப் பொருளை இனி விற்கப் போவதில்லை எனில்' என்று எழுதியிருப்பார்கள். வாசிப்பவர் முதல் பாதியை வாசித்ததுமே தொட்டுவிடுவார். தமிழ் வாக்கியத்தில் வினை இயல்பாகவே கடைசியில்தான் வரும், அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டால் போதும்: எப்போது, எங்கே, எதை, அப்புறம் செய். 'இந்தப் பொருளை இனி விற்கப் போவதில்லை என்றால், திரையின் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, அழி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.' நிபந்தனை முன்னால் வந்துவிட்டது, இடம் வந்துவிட்டது, கை கடைசியில்தான் போகிறது. பர்மியும் வினையைக் கடைசியில் வைக்கிற மொழிதான், அதனால் நான் பர்மியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது வருகிற தப்பைவிட ஆங்கிலத்திலிருந்து கொண்டுவரும்போது வருகிற தப்பு அதிகம்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு திரையில் என்ன தெரியும் என்று ஒரு சின்ன வரி போடுங்கள். 'மேலே பச்சைக் கோடு வரும்.' அந்தக் கோடு வந்தால் அடுத்த படிக்குப் போவார், வராவிட்டால் எந்தப் படியில் தவறியது என்று அவருக்கே தெரியும். இந்த ஒரு வரியால் எனக்கு வந்த போன்கள் கண்கூடாகக் குறைந்தன.

எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும். இதை நான் கற்ற விதம் இன்னும் மனதில் கிடக்கிறது. போன் மாற்றினால் கணக்கைப் புது போனுக்குக் கொண்டுபோவது எப்படி என்று ஒரு பக்கம். நான்காவது படியில் 'பழைய போனில் உள்ள ஆப்பை நீக்குங்கள்', அதன் கீழே தடித்த எழுத்தில் 'நீக்குவதற்கு முன் பேக்கப் எடுத்திருக்க வேண்டும்'. மௌல்மேனில் அரிசிக் கடை வைத்திருந்த ஒரு ஐயா படிப்படியாக, நான் எழுதியபடியே செய்தார். நாலாவது படியை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் படித்தார். ஒரு மாதப் பாக்கிக் கணக்கு போயிற்று, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் நினைவிலிருந்தும் வாடிக்கையாளர்களின் நேர்மையிலிருந்தும் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அவர் தப்பே செய்யவில்லை. அன்றிலிருந்து, திரும்பப் பெற முடியாத எந்தக் காரியத்துக்கும் பேக்கப் முதல் படி, அதுவும் 'பேக்கப் எடுத்துவிட்டீர்களா? கடைசி பேக்கப் தேதி இன்றைய தேதியாக இருக்கிறதா என்று பாருங்கள்' என்று கண்ணால் சரிபார்க்கிற மாதிரி.

பொத்தான்களின் பெயர் விஷயம். தமிழ் உதவியில் முதலில் 'சேமி என்பதைத் தொடுங்கள்' என்று அழகாக எழுதியிருந்தேன். திரையில் சேமி என்று ஒரு பொத்தானே கிடையாது, பர்மிய எழுத்தில் இருக்கிறது. வாசிப்பவர் திரை முழுக்கத் தமிழைத் தேடினார். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே காட்டுங்கள், பக்கத்தில் அந்தப் பொத்தானின் சின்னப் படம், அதன் உச்சரிப்பைத் தமிழில், அதற்குப் பிறகு அர்த்தம்.

சத்தமாக வாசித்துப் பாருங்கள்

இங்கே நம்மவர்களிடம் ஒரு நிலைமை இருக்கிறது. 1960களில் பள்ளிகள் அரசுடைமை ஆன பிறகு தமிழ் எழுதப் படிக்கக் கற்றது கோயில் வகுப்புகளிலும் வீட்டுத் திண்ணையிலும்தான். அதனால் தமிழ் வாசிக்கிற பெரியவருக்கு போன் பழக்கம் குறைவு, போன் தண்ணீர்பட்ட பாடாக இருக்கிற பேத்திக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கடைகளில் நடப்பது என்னவென்றால் ஒருவர் வாசிக்க இன்னொருவர் தொடுகிறார். பேத்தி பர்மிப் பக்கத்தை வாசித்துத் தமிழில் சொல்கிறாள், அல்லது தாத்தா தமிழை வாசிக்க அவள் செய்கிறாள். ஆகவே நீங்கள் எழுதியது காதுக்குப் போகிறது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஒரு மூச்சில் முடியாத படியை இரண்டாக வெட்டுங்கள், 'மேற்கண்ட', 'பின்வரும்' போன்றவற்றை எடுங்கள், காதால் கேட்கிறவருக்கு மேலேயும் கீழேயும் கிடையாது. முக்கியமான ஐந்தாறு பக்கங்களைப் பேசிப் பதிவு செய்து குரல் கோப்பாகவும் வைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள்.

எடுத்துக்காட்டுகள்

மாதிரிக்கு 'ஆப்பிள் 5 கிலோ, விலை 100' என்று போட்டால் வாசிப்பவர் அதைத் தன் கடையாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீசையில் போடுங்கள். ஆனால் கவனம், நம் பழைய தமிழ்நாட்டு வீசை சுமார் 1.4 கிலோ, இங்கே பெய்த்தா என்கிற பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, நூறு சாத்தா ஒரு வீசை. பெயர் நம்முடையது, அளவு வேறு. சென்னையிலிருந்து வந்த ஒரு மொழிபெயர்ப்பில் மாற்றுக் கணக்கு அந்த வீசையில் போடப்பட்டிருந்தது, நல்லவேளை வெளியிடுவதற்கு முன் பார்த்துவிட்டோம். தொகை எழுதும்போது இங்கே ஆட்கள் தெய்ன் கணக்கில், அதாவது லட்சக் கணக்கில் பேசுவார்கள், ஆனால் திரையில் காற்புள்ளி 100,000 என்று மூன்று மூன்றாகத்தான் விழும். மாதிரியில் '3 தெய்ன் (திரையில் 300,000)' என்று இரண்டையும் காட்டுங்கள்.

பெயர்ப் பெட்டிக்கும் ஒரு வரி தேவை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி இருந்தால் பர்மியர்களுக்கும் நமக்கும் இரண்டாவது பெட்டியில் போட ஒன்றும் இல்லை, பர்மியப் பெயரில் குடும்பப் பெயரே கிடையாது, நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். நம்மில் பலருக்கு பர்மியப் பெயர் ஒன்று, வீட்டில் தமிழ்ப் பெயர் ஒன்று. எந்தப் பெயர், எங்கே, இரண்டாவது பெட்டியை என்ன செய்வது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

தேதி

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் எந்தப் பதிப்புக்கு, எப்போது சரிபார்த்தது என்று போடுங்கள். இதற்கு என் கையில் உள்ள உதாரணம் வருடாந்தரக் கணக்கு முடிப்பது. இந்த நாட்டில் நிதியாண்டு முன்பு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2018 அக்டோபரிலிருந்து அக்டோபர் முதல் செப்டம்பர் என்று ஆனது. 2022 ஏப்ரலிலிருந்து மறுபடி பழையபடி. எங்களிடம் இந்த ஒரே விஷயத்துக்கு மூன்று காலத்துப் பக்கங்கள் தேதி இல்லாமல் கிடந்தன, தேடினால் மூன்றும் வந்தன, வாசிப்பவருக்கு எது இந்த வருடத்துக்கு என்று தெரிய வழியே இல்லை. இரண்டை எடுத்தோம், மிச்சமிருந்ததில் தேதி போட்டோம். 5 சதவீத வணிக வரி போன்ற எண்களைப் பத்துப் பக்கங்களில் திரும்பத் திரும்ப எழுதாமல் ஓரிடத்தில் வைத்து மற்றவற்றிலிருந்து அங்கே காட்டினால், மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

கரண்ட்டும் நெட்டும் இல்லாத நேரம்

கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில், நெட் எப்போது நிற்கும் என்று தெரியாத ஊரில், உதவியை வீடியோவாக மட்டும் வைப்பது பாதிப் பேருக்கு இல்லாதது மாதிரி. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பேஸ்புக்கே நேரடியாகத் திறப்பதில்லை, அங்கே போட்டு வைத்த வீடியோக்கள் எல்லாம் எட்டாமல் போயின. எழுத்தை ஆப்பின் உள்ளேயே வையுங்கள், நெட் இல்லாமல் திறக்க வேண்டும். படங்களைத் தேவையான மூலையை மட்டும் வெட்டிப் போடுங்கள், முழுத் திரையைப் படமாகப் போட்டால் போனில் ஒன்றும் தெரியாது, ஆப் மாறும்போது எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்கவும் வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்று மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில் உள்ள அளவு. மங்கலான கடை வெளிச்சத்தில் அதுவும் கொஞ்சம் குறைவுதான்.

முக்கியமான நாலு வேலையை (பௌச்சா போடுவது, திருப்பி எடுப்பது, பாக்கி எழுதுவது, பேக்கப்) ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். கல்லாப் பெட்டிக்கு மேல் ஒட்டுவார்கள். அந்தத் தாளில் சாஃப்ட்வேரின் பெருமை, கம்பெனி வரலாறு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு பக்கத்தில் ஒரு வேலை

டேனியேலே ப்ரோசிடா என்பவர் உதவி எழுத்தை நாலாகப் பிரிப்பார்: புதியவருக்குக் கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு வேலையைச் செய்யும் வழி, தேடிப் பார்க்கிற விவரப் பட்டியல், ஏன் இப்படி என்கிற விளக்கம். இந்த நாலையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பில் நின்றுபோய் வந்தவரிடம் இரட்டைப் பதிவுக் கணக்கின் தத்துவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் மூடிவிட்டு போன் எடுப்பார். விளக்கத்தை வேறு பக்கமாக எழுதுங்கள், ராத்திரி கடை சாத்திய பிறகு ஆர்வமாக வாசிக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் நன்றாக எழுத வேண்டும்.

பக்கத்தின் அடியில் 'இது பயனுள்ளதா, ஆம், இல்லை' என்று கேட்டுப் பார்த்தோம். மரியாதைக்கு எல்லாரும் ஆம் என்றுதான் தொட்டார்கள், அதை வைத்து ஒன்றும் திருத்த முடியவில்லை. இப்போது 'எந்தப் படியில் நின்றுவிட்டீர்கள்?' என்று கேட்டு, படி எண்களைப் பொத்தானாகக் கொடுத்து, பக்கத்தில் ஒரு மைக் படமும் வைத்திருக்கிறோம், தொட்டால் பேசலாம். வருகிற குரல்களைத் திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து, பேசியபடியே, அவர்கள் சொல்லிலேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் வந்த ஒன்று: "அண்ணே, மூணாவதுல நிக்கிறேன். பச்சக் கோடு வருதுன்னு போட்டிருக்கீங்க, எனக்கு நீலமா வருது." அந்தப் பதிப்பில் நிறம் மாறியிருந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே திருத்தி, அவருக்குப் பதிலும் அனுப்பினேன்.